பறை நின்ற நொடி

“அம்மா, பறை இன்னைக்குக் காயவே மாட்டேங்குது. ஹேர் டிரையர் போட்டும் பார்த்துட்டேன். அடிச்சா தொப்பு தொப்புன்னு கேக்குது.”

மகள் நறுமுகை போனில் இப்படிச் சொன்னபோது, கோதை கான்சாஸ் மாநிலத்தின் மேற்கே ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பறையின் தோல் தொய்ந்திருக்கிறது என்றால் காற்றில் அவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது. ஈரம் இருந்தால் இடி மேகம் கட்டும். மேகம் கட்டினால்...

“சூப்பர்!” என்றாள் கோதை, தன்னை அறியாமல்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கண்ணு, நான் சொன்னது என்னன்னா...”

“புயலுக்கு சூப்பர். தெரியும்மா. சாயங்காலம் வருவியா?”

“பார்க்கிறேன்டா.”

பதினொரு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். போன் கைமாறியது. கணவன் அறவாழி பேசினான். தமிழ்ப் பள்ளியின் செயலாளர் அவன்தான். இன்று எல்டன் ரிட்ஜ் என்ற சிற்றூரின் கண்காட்சி மைதானத்தில், தகரக் கூரை போட்ட பெரிய மண்டபத்தில் பள்ளியின் ஆண்டு விழா.

“கோதை, நம்ம பக்கம் ஒன்னும் வராதுல்ல? எல்லாரும் உன்னைத்தான் கேக்கச் சொல்றாங்க.”

கோதை கைக்கணினியில் புயல் அபாய வரைபடத்தைப் பார்த்தாள். சிவப்புப் பகுதி முழுவதும் மேற்கே இருந்தது. மண்டபம் வெகுதூரம் கிழக்கே, வெளிர்மஞ்சளில்.

“வராது. எல்லாம் இங்க மேற்கேயே முடிஞ்சிடும். தைரியமா நடத்துங்க.”

“அப்ப சரி. நீயே சொல்லிட்ட!” என்று சிரித்தபடி போனை வைத்தான் அவன்.

கோதை பல்கலைக்கழகத்தில் சுழல்காற்றுகளை ஆராய்பவள். நான்கு வசந்தங்களாக அவள் துரத்துவது ஒன்றைத்தான்: சுழலின் அடிவயிற்றுக்குள் தரையோடு தரையாக ஒரு கருவியை வைத்து, அது கடந்துபோகும்போது உள்ளே காற்றழுத்தம் எப்படி விழுகிறது, என்ன ஒலி எழுகிறது என்று பதிவுசெய்ய வேண்டும். இரும்பில் வார்த்த அந்தக் கருவி தட்டையாக, அசைக்க முடியாத கனத்தில் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அம்மி’. இதுவரை ஒவ்வொரு முறையும் அம்மி ஒரு பக்கம் காத்திருக்க, சுழல் வேறு பக்கம் போய்விட்டது.

“அக்கா, ஏறுங்க! கள்ளன் கிளம்பிட்டான்!” என்று மேகத்தைக் காட்டி வண்டியிலிருந்து கத்தினான் இன்னாசி. தூத்துக்குடிக்காரன். அம்மியைச் செய்தவனும் அவன்தான், வண்டி ஓட்டுபவனும் அவன்தான். பின்சீட்டில் மடிக்கணினியோடு நிரோஷினி. டொரொண்டோவிலிருந்து வந்த மாணவி. வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் அவள் வாயில் அப்படியே இருந்தது.

“கெதியா வாங்கோ அக்கா. ஒண்டில்ல, நாலு மேகம் எழும்புது!”

அன்றைய நாள் அப்படித்தான் தொடங்கியது.

*

மதியத்துக்குள் மேற்கு வானம் காலிஃபிளவர் பூத்ததுபோல் குவிந்து குவிந்து மேலேறியது. வானொலியில் எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒரு மாவட்டத்தில் சுழல் தரை தொட்டது. அடுத்த மாவட்டத்தில் இன்னொன்று. அறிவிப்பவர் மூச்சுவிட நேரமில்லாமல் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு நாள்ல இத்தனையா?” என்றான் இன்னாசி. “எல்லாத்துக்கும் இன்னைக்குத்தான் முகூர்த்தமா?”

மேகங்களைத் துரத்திக் கிழக்கே வந்து, சாயங்காலம் ஒரு கோதுமை வயலின் ஓரத்தில் அவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். தென்மேற்கே மேகத்தின் அடிப்பகுதி கறுத்து, தாழ்ந்து, மெல்லச் சுழலத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு விரல் நீண்டது. நீண்ட விரல் தரையைத் தொட்டது! அடியில் செம்மண் பொங்கி எழுந்தது.

“நேரா நம்ம பக்கம்தான்! இன்னாசி, அம்மியை இறக்கு!”

கோதை கருவியை முடுக்கினாள். சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. வண்டியின் பின்பலகை வரைக்கும் இன்னாசி அதை இழுத்து வந்தான். நான்கு வருடக் காத்திருப்பு இன்னும் சில நிமிடங்களில் பலித்துவிடும். புயலின் முன் நிற்கும்போதெல்லாம் கோதைக்குள் ஒரு விசித்திரமான அமைதி வரும். வீட்டில் அது வருவதில்லை. புயல் யாரிடமும் ‘சாயங்காலம் வருவியா’ என்று கேட்பதில்லை.

“அக்கா!” நிரோஷினியின் குரல் மாறியிருந்தது. “இதின்ர தெற்குக் கரையில புதுசா ஒண்டு முளைச்சிருக்கு. வலு கெதியாச் சுத்துது. ஆனா மற்றதுகள் மாதிரி இது வடகிழக்கால போகேல்ல. கிழக்கால திரும்பிட்டுது.”

“கிழக்கே ஈரம் கிடையாதே. போய்ச் செத்துடும்.”

“சாகேல்ல அக்கா. பெருக்குது.”

கோதை திரையைப் பார்த்தாள். புதிய மேகத்தின் பாதையில் கோடு இழுத்தாள். கோட்டின் நுனி எல்டன் ரிட்ஜில் போய் நின்றது.

கிழக்கே ஈரம் இருந்தது. காலையிலேயே இருந்தது. ‘பறை காயவே மாட்டேங்குது’ என்று மகள் அவளிடம் சொல்லவும் செய்தாள். எந்தக் கருவியும் சொல்லாததை அந்தத் தோல் சொன்னது. அவள் ‘சூப்பர்’ என்றாள், பிறகு வரைபடத்தைப் பார்த்து ‘வராது’ என்றாள்.

அறவாழியை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. பள்ளியின் தலைவரை அழைத்தாள். ஆசிரியைகளை அழைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“அண்டா!” என்றாள்.

“என்ன அண்டா?”

“போன வருஷம் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்து, பின்னாடி இருந்தவங்களுக்கு மேடையே தெரியல. பெரிய சண்டை. அதனால இந்த வருஷம் வாசல்லயே எல்லார் போனையும் வாங்கிப் பிரியாணி அண்டாவுக்குள்ள போட்டு மூடிடறாங்க. என் வீட்டுக்காரர் போட்ட சட்டம்.”

இன்னாசி அவசர உதவி எண்ணை அழைத்தான். வண்டிகள் எல்லாம் வேறு ஊர்களில் இருப்பதாகவும், எல்டன் ரிட்ஜில் சைரன் ஏற்கெனவே ஒலிப்பதாகவும் பதில் வந்தது.

“சைரன் அடிக்குதாம்க்கா. கேட்டிருப்பாங்க.”

நிரோஷினி தன் போனை முன்னால் நீட்டினாள். ஊரிலிருக்கும் சொந்தங்களுக்காக, ஆளில்லாமல் நிறுத்தி வைத்த ஒரு கேமரா வழியாக விழாவை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள் பறையடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக நறுமுகை. உதட்டைக் கடித்தபடி முழு மூச்சாக அடித்தாள். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. மண்டபமே அதிர்ந்தது. அந்த அதிர்வில் எந்த சைரன் கேட்கும்?

நிரோஷினி நேரலையின் கீழே கட்டைவிரல் வலிக்கத் தட்டச்சு செய்தாள்: ‘டொர்னேடோ வருது! எல்லாரையும் வெளியேத்துங்கோ!’ அவள் வரிக்கு மேலும் கீழும் பூங்கொத்துகளும் இதயங்களும் கொட்டின. கோயம்புத்தூரிலிருந்து யாரோ பதில் போட்டார்கள்: ‘அங்கே மழையா? இங்கே ஒரு சொட்டு இல்லை. தூங்காமல் விழித்துப் பார்க்கிறோம். பிள்ளைகள் அருமை!’

“ஐயோ, இவையளுக்கு என்னண்டு விளங்கப்படுத்திறது!”

*

எல்டன் ரிட்ஜுக்கு இரண்டு வழிகள். தெற்கே சுற்றிப் போகும் நல்ல சாலை. ஆனால் புயல் முந்திக்கொள்ளும். இன்னொன்று, மேகத்தின் வடபகுதிக்குள் நேராக நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பாதை. அங்கே ஆலங்கட்டி மழை வெள்ளைச் சுவராக நின்றது. சுவருக்குத் தெற்கே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுழல் இருந்தது.

கோதை இருவரையும் பார்த்தாள். இவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது அவள் பொறுப்பு. தன் பிள்ளைக்காக அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உள்ளே இழுக்க அவளுக்கு என்ன உரிமை?

“அந்தத் திருப்பத்துல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. நிலவறை உண்டு. நீங்க ரெண்டு பேரும் இறங்கிக்குங்க. நான் போறேன்.”

“நீங்க ஓட்டப் போறீங்களா?” இன்னாசி வண்டியைக் கிளப்பியே விட்டான். “நீங்க ரிவர்ஸ் எடுக்கிறத நான் பாத்திருக்கேன்க்கா. அதுக்கு டொர்னேடோவே தேவல.”

“நான் இறங்கினா ரேடாரை ஆர் பார்க்கிறது?” என்றாள் நிரோஷினி. “பயமாத்தான் கிடக்கு. ஆனா போவம்.”

பின்பலகையில் அம்மி கிடந்தது. அதை வைக்க வேண்டிய வயல் பின்னால் போனது. கண்ணாடியில் கோதை ஒரே ஒருமுறை பார்த்தாள். அவள் நான்கு வருடம் காத்திருந்த சுழல், அவர்கள் நின்ற அதே இடத்தை நோக்கி நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தது.

அம்மியின் சிவப்பு விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது சிமிட்டிக்கொண்டே வந்தது.

வெள்ளைச் சுவருக்குள் நுழைந்தார்கள். முதலில் கோலிக்குண்டு அளவில் விழுந்தது. பிறகு எலுமிச்சை. பிறகு எதுவென்று சொல்ல முடியாத அளவு. வண்டிக் கூரையில் சம்மட்டி அடி! முன்கண்ணாடி விண்ணென்று விரிசல் விட்டது. இன்னாசி தலையை வெளியே நீட்டவும் முடியாமல், உள்ளிருந்து பார்க்கவும் முடியாமல், விரிசலுக்கு நடுவே இருந்த ஒரு சிறு துண்டு வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

“நிரோ, எங்க இருக்கு அது?”

“வலப்பக்கம்! வலப்பக்கம்! கிட்ட! நில்லாதைங்கோ, விடுங்கோ!”

கோதை வலப்பக்கம் பார்த்தாள். மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் மழைத்திரைக்குப் பின்னால், வானத்தின் கால்பங்கை அடைத்துக்கொண்டு, கரிய சுவர் ஒன்று நகர்ந்தது. விரலோ தூணோ அல்ல. அத்தனை அகலம். அவள் வாழ்நாளில் அதைவிடப் பெரியதைக் கண்டதில்லை. இன்று காலை இருந்த கோதை என்றால் மூச்சை மறந்து ரசித்திருப்பாள். இப்போது அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்துவிட்ட பாம்பைப் பார்ப்பதுபோல.

பனிக்கட்டி சட்டென்று நின்றது. வெளியே வந்துவிட்டார்கள்! முன்னால் சாலை காய்ந்து கிடந்தது. தூரத்தில் எல்டன் ரிட்ஜின் தண்ணீர்த் தொட்டி. காற்றில் நீண்டு அழும் சைரன்.

*

மண்டபத்தின் வாசலில் செருப்புகளும் ஷூக்களும் வரிசையாகக் கிடந்தன. கோலத்துக்குப் பக்கத்தில் பிரியாணி அண்டா. மூடியைத் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே அத்தனை போன்களும் எச்சரிக்கை வந்து ஒன்றாகத் துடித்தன. கதண்டு வண்டுகளின் கூடுபோல அண்டா உறுமியது. கேட்க ஒரு ஆள் இல்லை.

கோதை கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். உள்ளே பறை இடித்தது. “டொர்னேடோ!” என்று கத்தினாள். முன்னால் இருந்தவருக்கே கேட்கவில்லை. ஓரத்தில் நின்ற அறவாழி அவளைக் கண்டு முகம் மலர்ந்தான். ‘வந்துட்டியா, உட்கார்’ என்று கையால் ஒரு நாற்காலியைக் காட்டினான்.

மேடையிலிருந்து நறுமுகையும் பார்த்துவிட்டாள். அவள் கண் விரிந்தது. அம்மா வந்துவிட்டாள்! புயலை விட்டுவிட்டுத் தன் ஆட்டத்தைப் பார்க்க வந்துவிட்டாள்! அந்தச் சிறிய முகத்தில் வந்த சிரிப்பைக் கோதை அதற்கு முன் பார்த்ததில்லை. நறுமுகை இன்னும் ஓங்கி, இன்னும் வேகமாக அடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் அவளோடு வேகம் பிடித்தார்கள்.

கோதை மேடைமேல் ஏறினாள். மகளின் எதிரில் போய் நின்றாள். விரித்த உள்ளங்கையை அந்தத் தோலின் மேல் வைத்து அழுத்தினாள்.

அடி நின்றது. பக்கத்துப் பிள்ளை திகைத்து நிறுத்தினான். அடுத்த பிள்ளையும். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு பறையும் ஓய்ந்தன. நறுமுகையின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

கைதட்டலும் நின்றது. அந்த நிசப்தத்தில், கூரைக்கு மேலே, சைரன் கேட்டது.

யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பின்கதவு!” என்றாள் கோதை ஒலிவாங்கியில். “பின்னாடி கான்கிரீட் கழிப்பறைக் கட்டிடம். அங்க மட்டும்தான் நிலைக்கும். பிள்ளைங்க முதல்ல. ஓடாதீங்க, ஆனா நிக்காதீங்க!”

“என் புது ஷூ வாசல்லயே இருக்கு...” என்று ஒருவர் திரும்பினார்.

“கால் இருந்தா ஷூ வாங்கிக்கலாம் சார், வாங்க!” என்று இன்னாசி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

“தலைவர் உரை மட்டும்தான் பாக்கி...” என்று தொடங்கிய தலைவரை அவர் மனைவியே இழுத்துக்கொண்டு போனார்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பார்க்காமல் எல்லோரும் நெருக்கியடித்து உள்ளே போனார்கள். பட்டுப் புடவைகள், வேட்டிகள், வெறுங்கால்கள். கடைசி ஆள் நுழைந்ததும் அறவாழி இரும்புக் கதவைச் சாத்தினான். கதவு மறுபடி திறந்தது. தாழ்ப்பாள் உடைந்திருந்தது.

“உள்பக்கமாத்தானே திறக்குது? கனமா ஏதாச்சும் வச்சு அடைக்கணும்!” என்றான் அவன்.

இன்னாசியும் கோதையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அம்மி!”

இன்னாசியும் அறவாழியும் பாய்ந்து ஓடினார்கள். கோதையை வாசலில் இறக்கிவிட்டு, இன்னாசி வண்டியைக் கட்டிடத்தை ஒட்டித்தான் நிறுத்தியிருந்தான். மைதானத்தின் மறுமுனையில் ஒரு மரம் வேரோடு எழுந்து பறப்பதைக் கோதை கதவிடுக்கு வழியாகக் கண்டாள். “சீக்கிரம்! சீக்கிரம்!” இருவரும் அம்மியைத் தூக்கவும் முடியாமல் தரையில் தேய்த்து இழுத்து வந்து, கதவுக்குப் பின்னால் இறக்கினார்கள். கதவு அசையவில்லை.

விளக்கு போனது. இருட்டில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

காது அடைத்தது. ஒரு சிறுவன் அழ ஆரம்பித்தான். அவன் குரல் கேட்டு இன்னொரு பிள்ளையும். கோதையின் கைக்குள் மகளின் தலை இருந்தது. அவள் இன்னும் பறையைத் தோளில் மாட்டியபடியே இருந்தாள்.

“அம்மா... எங்க சத்தத்துலதான் யாருக்கும் சைரன் கேக்கலையா? எங்களாலதானா?”

கோதை மகளின் காதருகே குனிந்தாள். “இல்ல. நான் வராதுன்னு சொன்னேன். அதை எல்லாரும் நம்புனாங்க. நீ காலைலயே சரியாச் சொன்ன, தோல் காயலன்னு. நான்தான் ஒழுங்காக் கேக்கல.”

கோதையின் விரல் இருட்டில் பறைத் தோலைத் தொட்டது.

“நறு, பாதியில நிறுத்திட்டேன்ல? இப்ப அடிக்கிறியா?”

“இங்கயா?”

“சின்னவங்க அழறாங்க. அடிம்மா.”

முதல் அடி பிசிறாக விழுந்தது. இரண்டாவது நேராக விழுந்தது. இருட்டில் வேறொரு பறை சேர்ந்தது, பிறகு இன்னொன்று. வெளியே ரயில் ஒன்று தலைக்கு மேல் ஓடுவதுபோல் இரைச்சல் எழுந்தது. சுவர் நடுங்கியது. கதவு அம்மியின் மேல் முட்டி முட்டித் துடித்தது. எங்கோ மிகப் பெரிய தகரம் கிழிந்தது. பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளத்தையே பற்றிக்கொண்டார்கள். பறை நிற்கவில்லை.

பிறகு இரைச்சல் தூரம் போனது. பறை மட்டும் மிச்சமிருந்தது.

*

மண்டபத்துக்குக் கூரை இல்லை. மேடை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வண்டி தலைகீழாகக் கிடந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஒருவர்கூடக் குறையவில்லை. சிலருக்குக் காலில் கண்ணாடி கீறியிருந்தது, அவ்வளவே.

வேலியோரம் உருண்டு போய் நசுங்கிக் கிடந்த அண்டாவை இன்னாசிதான் கண்டுபிடித்தான். கட்டிய துணி அவிழவில்லை. உள்ளே போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. நேரலை நின்றதும் தூக்கம் தொலைத்த பாதி தமிழ்நாடு கூப்பிட்டுக்கொண்டிருந்தது!

“புதையல் கிடைச்சாச்சு, வாங்க, வாங்க!” என்று அண்டாவைத் தலைமேல் சுமந்து வந்தான் அவன். அப்போதுதான் பலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அறவாழி கோதையின் அருகில் வந்து நின்றான். “சட்டம் போட்டது நான். என்னைத் திட்டு.”

“வராதுன்னு சொன்னவ நான். பாதியை நான் வச்சுக்கிறேன்,” என்றாள் அவள்.

அடுத்த ஆண்டிலிருந்து வாசலில் ஒருவர் போனோடும் வானொலியோடும் உட்கார வேண்டும் என்று பள்ளியில் முடிவானது. முதல் முறைக்குக் கோதை தன் பெயரைத் தானே எழுதிக்கொடுத்தாள். கதவைத் திறந்து வைத்தால் அங்கிருந்து மேடை தெரியும்.

ஒரு வாரம் கழித்து அம்மியின் பதிவைத் திறந்தார்கள். கட்டிடச் சுவருக்குள்ளிருந்து எடுத்த அளவு என்பதால் ஆய்வுக்கு அது உதவாது என்று துறைப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். அழுத்தக் கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் செங்குத்தாக இறங்கி ஏறியது. கோதை அதை அதிக நேரம் பார்க்கவில்லை. ஒலிப்பதிவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் ஆளுக்கு ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டார்கள். சுழலின் உறுமலுக்குள்ளே, தெளிவாக, விடாமல், பறை.

நறுமுகை சட்டென்று முகத்தைச் சுளித்தாள்.

“அம்மா, இங்க ஒரு அடி விட்டுட்டேன்.”

“எங்க? எனக்குத் தெரியலையே.”

“நல்லாக் கேளு. கூரை போச்சுல்ல, அப்ப.”

கோதை கண்ணை மூடிக்கொண்டாள். “மறுபடி போடு,” என்றாள்.